மகாராணி பெயரில் ஒரு சாக்கடை பம்பு

1865 ஏப்ரல் 4. லண்டனுக்குக் கிழக்கே, கிராஸ்னஸ் என்ற சதுப்பு நிலத்தில் ஒரு திறப்பு விழா. சீஃப் கெஸ்ட், வேல்ஸ் இளவரசர். அவர் திறந்து வைக்கப் போவது அரண்மனையும் அல்ல, ஆஸ்பத்திரியும் அல்ல. லண்டனின் சாக்கடையை மேலே ஏற்றித் தள்ளும் பம்பிங் ஸ்டேஷன். உள்ளே நான்கு ராட்சத நீராவி இன்ஜின்கள். நான்குக்கும் பெயர்சூட்டு விழா முடிந்திருந்தது. விக்டோரியா, பிரின்ஸ் கன்சார்ட், ஆல்பர்ட் எட்வர்ட், அலெக்சாண்ட்ரா.

அதாவது இளவரசரின் அம்மா, காலமான அப்பா, சாட்சாத் இளவரசர், அவருடைய மனைவி! குடும்பத்தையே சாக்கடை இறைக்கிற டியூட்டியில் போட்டுவிட்டார்கள். நம்ம ஊரில் ஒரு வார்டு கவுன்சிலரின் அப்பா பெயரைக் கழிவுநீர் பம்புக்கு வைத்துப் பாருங்கள், சாயங்காலத்துக்குள் சாலை மறியல். இளவரசரோ கோபித்துக்கொள்ளவில்லை. இன்ஜினை ஓடவிட்டார், அந்த வளாகத்திலேயே விருந்தும் சாப்பிட்டார்.

இவ்வளவு பெருந்தன்மை எங்கிருந்து வந்தது? ஏழு வருடம் முன்னால் லண்டனின் பெரிய மனிதர்களுடைய மூக்குகள் பட்ட பாட்டிலிருந்து வந்தது.

ஆற்றைக் கெடுக்காதே என்று இங்கிலாந்தில் சட்டம் இல்லாமல் இல்லை. 1388-லேயே, இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் காலத்தில், கேம்பிரிட்ஜில் கூடிய பார்லிமெண்ட் சட்டம் போட்டது. சாணம், குப்பை, ஆட்டுக்குடல், மாட்டுக்குடல் எதையும் ஆற்றிலோ வாய்க்காலிலோ எறியக் கூடாது, எறிந்தால் 20 பவுண்டு அபராதம். கூலிக்காரர் ஒருவர் வருடக்கணக்கில் உழைத்தாலும் கண்ணால் பார்க்க முடியாத தொகை அது. அடுத்த நானூறு சொச்சம் வருடமும் குடல் மிதந்துகொண்டுதான் இருந்தது என்பதால், வசூல் லட்சணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்கும் நூறு வருடம் முன்னால், 1290-இல், ஃப்ளீட் என்ற சிற்றாற்றின் ஓரம் மடம் வைத்திருந்த துறவிகள் மன்னருக்கு மனுப் போட்டார்கள். பீடத்தில் எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் ஆற்று நாற்றம் அதை அமுக்கிவிடுகிறது, எங்கள் ஆட்களில் பலர் இதனாலேயே செத்துப்போனார்கள் என்று புகார். அந்த ஃப்ளீட் ஆறு என்ன ஆயிற்று என்கிறீர்களா? கடைசியில் மேலே மூடிபோட்டு, ரோடு போட்டுவிட்டார்கள். பிரச்சினை கண்ணுக்குத் தெரியாவிட்டால் தீர்ந்தது என்று அர்த்தம்.

இனிமேல்தான் வேடிக்கை. 1815 வரை லண்டனில் வீட்டுக் கழிப்பறையைத் தெருச் சாக்கடையோடு இணைப்பது குற்றம். சாக்கடை மழைத் தண்ணீருக்கு மட்டும். மனிதக் கழிவு வீட்டுக்கு அடியில் உள்ள குழியில் கிடக்கும். அதை ராத்திரியோடு ராத்திரியாக ஆட்கள் வந்து அள்ளி, வண்டியில் ஏற்றிப் போய், விவசாயிக்கு எருவாக விற்பார்கள். 1815-இல், சரி, இணைத்துக்கொள்ளுங்கள் என்று அனுமதித்தார்கள். 1847-இல் கட்டாயம் இணைக்க வேண்டும் என்று சட்டம். தாத்தா செய்திருந்தால் தண்டனை, பேரன் செய்யாவிட்டால் தண்டனை!

இதற்குள் ஃப்ளஷ் டாய்லெட் என்ற ஃபேஷன் வேறு வந்து சேர்ந்தது. 1851-இல் கிரிஸ்டல் பேலஸில் மாபெரும் உலகப் பொருட்காட்சி. கோஹினூர் வைரம்கூடப் பார்வைக்கு இருந்தது. ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற பிளம்பர் அங்கே கட்டணக் கழிப்பறை போட்டார். தலைக்கு ஒரு பென்னி. 8,27,280 பேர் காசு கொடுத்துப் போய்வந்ததாகக் கணக்கு இருக்கிறது. வைரத்தைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் வைரம் வாங்க முடியாது. டாய்லெட்டைப் பார்த்தவர்கள் வாங்கினார்கள்.

சங்கிலியை இழுத்தால் சரேலென்று போய்விடுகிறதே, எங்கே போகிறது? தேம்ஸுக்கு. இருபத்தைந்து லட்சம் பேருடைய சரேல்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நின்றவர் எட்வின் சாட்விக். ஏழைகளின் சுகாதாரத்துக்காக வாழ்நாளெல்லாம் சண்டை போட்டவர், நல்லவர். நல்லவர் என்பதாலேயே, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. நாற்றம்தான் நோய் என்பது அவருடைய கொள்கை. வீட்டில் நாறுகிறதா? தண்ணீர் விட்டு ஆற்றுக்குத் தள்ளு, நோய் போய்விடும். தள்ளினார்கள். நாற்றம் வீட்டைவிட்டுப் போனது. அந்தத் தேம்ஸிலிருந்துதான் லண்டனின் பல கம்பெனிகள் குடிதண்ணீர் இறைத்து, அதே வீடுகளுக்குக் குழாயில் அனுப்பின. 1848-49 காலராவில் லண்டனில் மட்டும் சுமார் 14,000 பேர் செத்தார்கள். போனது திரும்பி வந்தது, பில்லோடு.

காலரா காற்றில் வரவில்லை, தண்ணீரில் வருகிறது என்று ஜான் ஸ்னோ என்ற டாக்டர் தெருத் தெருவாக, வீடு வீடாகக் கணக்கெடுத்துச் சொன்னார். அதிகாரிகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டு, மூக்கை நம்பினார்கள்.

1855 ஜூலை 7. மைக்கேல் ஃபாரடே ஒரு ஸ்டீமரில் தேம்ஸில் போகிறார். ஆமாம், மின்சார விஷயத்தில் நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதே ஃபாரடே. ஆற்றின் நிறம் பொறுக்கவில்லை அவருக்கு. கையில் இருந்த வெள்ளை அட்டைகளைக் கிழித்தார், சீக்கிரம் மூழ்கட்டும் என்று நனைத்தார், ஸ்டீமர் நின்ற ஒவ்வொரு துறையிலும் ஒன்றைப் போட்டார். நல்ல வெயில். அப்படியும் ஒரு அங்குலம் இறங்குவதற்குள் அட்டை கண்ணுக்கு மறைந்துவிட்டது. உடனே டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். மீட்டர் கிடையாது, லேப் கிடையாது. உலகத்திலேயே செலவு குறைந்த நீர்த்தரப் பரிசோதனை அதுவாகத்தான் இருக்கும். பஞ்ச் பத்திரிகை, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆற்றுச்சாமிக்கு விசிட்டிங் கார்டு நீட்டும் ஃபாரடேயைக் கார்ட்டூனாகப் போட்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஆறு அப்படியே ஓடியது.

அதே வருடம் ஒரு சட்டம் வந்தது. லண்டனுக்கு மெட்ரோபாலிடன் போர்டு ஆஃப் ஒர்க்ஸ் என்று ஒரு வாரியம். அதன் வேலை, சாக்கடை தேம்ஸில் விழாமல் தடுப்பது. "மாநகருக்குள்ளும் மாநகருக்கு அருகிலும்" விழக் கூடாது என்று சட்டம் சொன்னது. சட்டத்தைக் கொண்டுவந்தவர் சர் பெஞ்சமின் ஹால், ஆறடிக்கும் மேலே ஆள். பிக் பென் மணிக்கு அவர் பெயர்தான் வந்தது என்று ஒரு கதை உண்டு. வாரியத்தின் தலைமை இன்ஜினியர் ஜோசஃப் பேசல்கெட், ஒல்லியாக, சின்ன உருவம். சின்னவர் பிளான் போட்டுக்கொண்டு போனார். பெரியவர், சாக்கடை விழும் இடம் ஊருக்கு ரொம்பப் பக்கம், இன்னும் கீழே கொண்டு போ என்றார். கீழே கொண்டு போனால் செலவு ஏறும், அந்தச் செலவு யார் தலையில் என்று அடுத்த சண்டை. நிபுணர் குழு, குழுவின் அறிக்கை, அறிக்கைக்கு மறுப்பு. இரண்டு வருடம் ஃபைல் மட்டும் சுத்தமாக நகர்ந்தது.

பிறகு 1858 ஜூன். நிழலிலேயே 35 டிகிரி வெயில். வேலூர்க்காரர்கள் தயவுசெய்து சிரிக்கக் கூடாது, அவர்களுக்கு அது பிரளயம். ஆறு சுண்டியது. கரையெல்லாம் படிந்து கிடந்த அந்த வஸ்து வெயிலில் புளித்துப் பொங்கியது. ஆற்றை ஒட்டி யார் கட்டடம்? பணத்தைக் கொட்டிப் புத்தம் புதிதாகக் கட்டிய பார்லிமெண்ட்!

மகாராணி விக்டோரியாவும் கணவரும் தேம்ஸில் உல்லாசப் படகுப் பயணம் புறப்பட்டு, சில நிமிஷத்தில் கரைக்குத் திரும்பிவிட்டார்கள். பார்லிமெண்ட் ஜன்னல் திரைகளைக் குளோரைடு ஆஃப் லைம் கரைசலில் முக்கித் தொங்கவிட்டார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மந்திரி வரும் நாளில் நம்ம முனிசிபாலிட்டி ரோட்டோரம் தூவுமே, அதே பிளீச்சிங் பவுடர்தான். காற்றோட்டத்துக்குப் பொறுப்பான கோல்ட்ஸ்வொர்தி கர்னி, இனிமேல் உறுப்பினர்களின் உடல்நலத்துக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்று சபாநாயகருக்கு எழுதிவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டுக்கோ செயின்ட் ஆல்பன்ஸுக்கோ ஜாகை மாற்றலாமா என்றுகூடப் பேச்சு அடிபட்டது. ஆற்றைச் சுத்தம் செய்வதைவிட ராஜ்யத்தைத் தூக்கிக்கொண்டு போவது சுலபம் என்று தோன்றியிருக்கிறது.

அன்றைய நிதியமைச்சர் டிஸ்ரேலி, சுருண்ட முடி, நகைநட்டு, பளபளா வெயிஸ்ட்கோட் என்று பெயர் வாங்கிய ஷோக்குப் பேர்வழி. ஒருநாள் கமிட்டி அறையிலிருந்து ஒரு கையில் கத்தைக் காகிதம், மறு கையில் கர்ச்சீஃப், கர்ச்சீஃபுக்குள் மூக்கு என்று குனிந்தபடி வெளியே ஓடிவந்தார். டைம்ஸ் நிருபர் விடுவாரா? பேப்பரில் வந்துவிட்டது.

மூக்கு பட்டதும் கை வேகமெடுத்தது. ஜூலை 15-ஆம் தேதி டிஸ்ரேலி மசோதாவைக் கொண்டுவந்தார், ஆகஸ்ட் 2-ஆம் தேதி அது சட்டம். பதினெட்டே நாள். வாரியம் 30 லட்சம் பவுண்டு கடன் வாங்கிக்கொள்ளலாம், பிளானுக்கு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். பத்தாயிரக்கணக்கான காலராச் சாவுகளும் ஃபாரடேயின் அட்டைகளும் ஸ்னோவின் கணக்கும் வருடக்கணக்கில் செய்ய முடியாததை, ஒரு கர்ச்சீஃப் செய்தது. இதில் இன்னொரு கொடுமை, ஸ்னோ இறந்தது அந்த ஜூன் 16-ஆம் தேதி. ஊரே நாற்றத்தைக் கண்டு அலறிய வாரத்தில், நாற்றத்தால் அல்ல, தண்ணீரால் என்று சொன்ன மனிதர் போய்ச் சேர்ந்தார். லான்செட் மருத்துவப் பத்திரிகை இரண்டு வரி இரங்கல் போட்டது. அதில் காலரா என்ற சொல்லே இல்லை.

பேசல்கெட் வேலையைப் பிரமாதமாகச் செய்தார், அதில் கிண்டலே கிடையாது. 82 மைல் பெரிய சுரங்கச் சாக்கடை, கிட்டத்தட்ட 31.8 கோடி செங்கல். லண்டனில் காலரா அடங்கியது. தப்பான காரணத்துக்காகச் செய்த சரியான காரியம்! அந்தச் சாக்கடை எல்லாம் கிராஸ்னஸுக்கும் எதிர்க்கரையில் பெக்டனுக்கும் போனது. அங்கே என்ன சுத்திகரிப்பு செய்தார்கள்? ஒன்றும் இல்லை. தொட்டியில் தேக்கிவைத்து, ஓதம் இறங்கும் நேரம் பார்த்துத் திறந்துவிட்டார்கள், அப்படியே ஆற்றில். பார்லிமெண்ட் வாசலில் கிடந்தது பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி ஏழை வீட்டு வாசலுக்குப் போனது. அங்கே நிதியமைச்சர்கள் குடியிருக்கவில்லை.

1878 செப்டம்பர் 3 வரும்போது கிண்டலைக் கொஞ்சம் ஓரம் வைக்க வேண்டும். பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசக் கப்பல், சாயங்காலம் திரும்பி வரும்போது ஒரு நிலக்கரிக் கப்பல் மோதி, அந்தச் சாக்கடை வாய்களுக்குப் பக்கத்திலேயே உடைந்து மூழ்கியது. சற்று முன்புதான் மதகு திறந்திருந்தார்கள். 600 பேருக்கு மேல் செத்தார்கள், குடும்பம் குடும்பமாக. நீச்சல் தெரிந்தவர்களும் அந்தத் தண்ணீரில் தப்பவில்லை.

அதற்குப் பிறகும் வாரியம், எங்கள் சாக்கடையால் ஆறு கெடவில்லை என்று பல வருடம் வாதாடியது. ராயல் கமிஷன் வந்து, கெட்டியானதைப் பிரித்தெடு என்று காதைத் திருகிய பிறகுதான் வழிக்கு வந்தது. பிரித்தெடுத்த சகதியை 1887 முதல் கப்பலில் ஏற்றிப்போய்க் கடலில் கொட்டினார்கள். முதல் சகதிக் கப்பலுக்குப் பெயர் எஸ்.எஸ். பேசல்கெட். மனிதர் அப்போது உயிரோடுதான் இருந்தார், சர் பட்டமும் வாங்கியிருந்தார். இந்தக் கடல் சேவை 1998 வரை நடந்தது. நிறுத்தியது பிரிட்டனின் மூக்கு அல்ல, ஐரோப்பிய யூனியன் சட்டம். கடலுக்குக் கர்ச்சீஃப் கிடையாதே.

லண்டனை விடுங்கள், பர்மிங்ஹாம் கதை இன்னும் ருசியானது. டேம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சார்லஸ் ஆடர்லி என்ற மிராசுதார், எம்.பி.யும்கூட. ஆங்கிலேய இனம்தான் உலகத்திலேயே தலைசிறந்த இனம் என்று விவசாயிகள் கூட்டத்தில் பேசி, இலக்கியவாதி மேத்யூ ஆர்னால்டிடம் மாட்டிக்கொண்டவர். அந்தத் தலைசிறந்த இனம் பர்மிங்ஹாமில் தினம் காலையில் கழித்ததெல்லாம் மிதந்து வந்து ஆடர்லியின் பண்ணையில் ஒதுங்கியது. மீன் செத்தது, மாடு தண்ணீரில் வாய் வைக்க மறுத்தது. ஆடர்லி கோர்ட்டுக்குப் போனார்.

நகராட்சி வக்கீல், எங்களைத் தடுத்தால் இரண்டரை லட்சம் ஜனங்களின் கழிவு ஊருக்குள்ளேயே தேங்கும், கொள்ளைநோய் வரும், ஒருத்தருடைய மீனுக்காக இதைச் செய்யலாமா என்று கேட்டார். நீதிபதி பேஜ் வுட் அசரவில்லை. பாதிக்கப்படுவது இரண்டரை லட்சம் பேரா, ஒற்றை ஆளா என்பது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம், உரிமை உரிமைதான் என்று 1858-இல் தடை போட்டார். அடேயப்பா, என்ன தீர்ப்பு! நகராட்சி தீர்ப்புக்குத் தலைவணங்கியது. வணங்கிவிட்டு அவகாசம் கேட்டது. திரும்பக் கேட்டது. சண்டை வருடக்கணக்கில் இழுத்தது. சொத்தும் பொறுமையும் உள்ளவருக்கு ஆற்றில் உரிமை இருந்தது என்பது மட்டும் நிரூபணமானது.

வடக்கே யார்க்‌ஷயரில் சாயப்பட்டறைகளும் கம்பளி ஆலைகளும். ஆறுகள் மாசு பற்றி விசாரிக்க வந்த கமிஷனுக்கு வேக்ஃபீல்டுக்காரர் ஒருவர் ஒரு குறிப்பு அனுப்பினார். கால்டர் ஆறும் ஊர்ச் சாக்கடையும் கலக்கும் இடத்துத் தண்ணீரைப் பேனாவில் தொட்டு, அதையே மையாக வைத்து எழுதியது. கூடவே நாற்றத்தையும் அனுப்ப முடிந்தால் குறிப்பு இன்னும் சுவாரசியமாக இருக்கும் என்று வருத்தம் வேறு தெரிவித்திருந்தார். கமிஷன் அதை அப்படியே அச்சடித்துத் தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. அரசாங்க அறிக்கை ஒன்றில் நான் ரசித்துப் படித்த ஒரே பக்கம் அதுதான்.

இத்தனையையும் பார்த்து 1876-இல் ஆறுகள் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. பிரதமர் யார்? நம்ம கர்ச்சீஃப் டிஸ்ரேலியேதான். சட்டத்தை மேலோட்டமாகப் படித்தால் புல்லரிக்கும். சாக்கடை விடுவது குற்றம், ஆலைக் கழிவு விடுவது குற்றம். கொஞ்சம் கீழே வாருங்கள். சாத்தியமான, நியாயமாகக் கிடைக்கக்கூடிய வழிகளைக் கையாண்டிருந்தால் குற்றம் இல்லை. ஆலைமேல் வழக்குப் போட வேண்டுமா? உள்ளாட்சி அமைப்புதான் போட வேண்டும், அதற்கும் மேலிடத்தின் அனுமதி வேண்டும். தொழில் நடக்கும் ஊராக இருந்தால், தொழிலுக்குப் பெரிய நஷ்டம் வராது என்று மேலிடத்துக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். இதெல்லாம் முடிந்தாலும் இரண்டு மாதம் முன்கூட்டி நோட்டீஸ். தொழில் இல்லாத ஊரில் ஆலைக் கழிவு ஏது என்று யாரும் கேட்கவில்லை.

சரி, வழக்குப் போட வேண்டிய அந்த உள்ளாட்சி அமைப்பு யார்? ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விடுகிற அதே நபர். பல ஊர்களில் கவுன்சில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஆலை முதலாளி. தன் கழிவுக்காகத் தன்மேலேயே வழக்குப் போட்டுத் தனக்கே இரண்டு மாத நோட்டீஸ் அனுப்பும் அளவுக்குத் தியாகிகள் யார்க்‌ஷயரில் பிறக்கவில்லை. இந்தச் சட்டம் ஆடாமல் அசையாமல் 1951 வரை, எழுபத்தைந்து வருடம், புத்தகத்தில் இருந்தது.

இதற்கு நடுவில் 1898-இல் இன்னொரு ராயல் கமிஷன். நிதானமான பார்ட்டி, 1915 வரை உட்கார்ந்தது. ஆனால் இவர்கள்தான் முதல்முறையாக மூக்கை ஓரம்கட்டிவிட்டு பாட்டிலை எடுத்தார்கள். கழிவுநீரை ஒரு பாட்டிலில் மூடி ஐந்து நாள் வை, அதில் உள்ள கிருமிகள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கின்றன என்று அளந்து பார். இன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரர் கேட்கிற பி.ஓ.டி. இதுதான். ஏன் ஐந்து நாள்? பிரிட்டனின் எந்த ஆற்றுத் தண்ணீரும் அதற்குள் கடலுக்குப் போய்விடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆறாவது நாள் கடல் பாடு, மீன் பாடு.

1912-இல் அவர்கள் ஒரு வரம்பு வைத்தார்கள். லிட்டருக்கு பி.ஓ.டி. 20 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராம், அதற்கு மேல் போகக் கூடாது. கூடவே ஒரு நிபந்தனை. ஒரு பங்கு கழிவுநீர் விழும் இடத்தில் ஆற்றில் குறைந்தது எட்டுப் பங்கு நல்ல தண்ணீர் ஓட வேண்டும். மழை ஓயாத தேசத்தில் உட்கார்ந்து யோசித்தவர்கள், எட்டுப் பங்கு தாராளமாகக் கிடைக்கும் என்று நினைத்தார்கள்.

அந்த 20-ம் 30-ம் கப்பலேறி உலகமெல்லாம் போயின. 1973-இல் இந்தியத் தர நிறுவனம், அதாவது மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்திய நம்ம நிறுவனம், ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விட வரம்பு எழுதியபோது எழுதிய எண்களும் 20, 30. பிற்பாடு நம் சீதோஷ்ணத்துக்குத் தோதாக ஐந்து நாளை மூன்று நாளாக்கி, 27 டிகிரியில் பாட்டிலை வைத்து, பொது வரம்பு 30 என்று மாற்றிக்கொண்டார்கள். பாட்டில் வந்தது, எண் வந்தது, எட்டுப் பங்கு நிபந்தனை மட்டும் கப்பலைத் தவறவிட்டது. வந்திருந்தாலும் சித்திரை மாதத்துப் பாலாற்றில் அதை எங்கே போய்த் தேடுவது? பல இடத்தில் ஓடுவதே அந்த ஒன்பதாவது பங்குதான்.